சிவப்பு வண்டிக்கு ஒரு பேட்டரி

ஏறுங்க டீச்சர், ஏறுங்க. யோசிச்சுட்டே நின்னா அடுத்த பஸ்ஸு எப்ப வருமோ யாரு கண்டா? கதவு சின்னதுதான். மொதல்ல சீட்டுல உக்காந்துக்குங்க, அப்பறமேலு காலை உள்ள எடுத்து வெச்சுக்குங்க. ஆமாங்க, தரையில உக்காந்த மாதிரித்தான் இருக்கும். பழகிரும். தலை இடிக்குமோன்னு குனிய வேண்டியதில்லை, கூரையை மடிச்சுப் பொறகால போட்டிருக்கறேன். அந்தப் பேப்பர் கட்டை மட்டும் இறுக்கிப் புடிச்சுக்குங்க. காத்துல பறந்துச்சுன்னா அத்தனை பசங்களுக்கும் பாஸ் போட வேண்டியதாயிரும்.

டீச்சர்னு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? போன பஸ்ஸைப் பாத்து ஒரு மொறை மொறைச்சீங்களே, அது டீச்சர் மொறைங்க. டிரைவரு கண்ணாடியில பாத்திருந்தான்னா எறங்கி வந்து மன்னிப்புக் கேட்டிருப்பான். மாங்கரை ஸ்கூலுங்களா? நல்லதாப் போச்சு. நானும் அக்கட்டாலதான் போறேன். சோலி ஒண்ணும் இல்லீங்க. பேட்டரிக்காகத்தான். பேட்டரி சார்ஜ் ஏறோணும்னா வண்டி ஓடோணும், பாருங்க. அதுக்கோசரம் காலையில இப்படி ஒரு சுத்து.

மத்தபடி எனக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

சிரிக்காதீங்க கண்ணு, நெசமாத்தான் சொல்றேன். இதை ஊட்டை உட்டுத் தாட்டி உடறதுக்குத்தான் நான் கோயமுத்தூரு பூரா நாயா அலைஞ்சேன். கேளுங்க, வழித்துணைக்கு ஆச்சு.

எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். கணபதியில பம்ப் செட்டுப் பட்டறை வெச்சிருந்தாரு, இப்ப எங்க பொண்ணு பாத்துக்குது. தங்கமான மனுசன். குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், அது இந்தக் காரு. குன்னூர்ல ஒரு எஸ்டேட்காரரு காலமான பொறகு அவரு சம்சாரம் இதை விக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம மலையேறிப் போயி ஓட்டிட்டு வந்துட்டாரு. ஜப்பான்காரன் செஞ்ச ஸ்போர்ட்ஸ் காரு. சிவப்பு. ரெண்டே சீட்டு. ஊட்டுல அன்னைக்கு மாமனாரு, மாமியாரு, பொண்ணு எல்லாரும் இருக்கறோம். "மத்தவங்களை எங்கீங்க வெக்கறது, டிக்கியிலயா?"ன்னு கேட்டேன். "டிக்கியில பேட்டரி இருக்குது அமிர்தம், எடம் பத்தாது"ங்கறாரு. நக்கலுக்குச் சொல்லலீங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்றாராமா!

அன்னையிலிருந்து ஞாயித்துக்கெழமையானா இதைக் குளிப்பாட்டித் தொடைச்சு, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, மறுபடியும் தொடைச்சு, மேல போர்வை போத்தி வெப்பாரு. சாவி சட்டைப் பாக்கெட்டுலயே இருக்கும். எனக்கு ஒரு நாளும் குடுத்ததில்லை. நான் என்ன வண்டி ஓட்டத் தெரியாதவளாங்க? எங்கப்பன் தோட்டத்துல தாவணி போட்ட வயசுல டிராக்டர் ஓட்டுனவ. கல்யாணமான புதுசுல பட்டறை மேட்டடார் வேன்ல பம்ப் செட்டை ஏத்திட்டு தாராபுரம் வரைக்கும் போயி டெலிவரி குடுத்தவ. அப்ப இவருக்கு லைசென்ஸே கெடையாது, பக்கத்துல உக்காந்துட்டு முறுக்குத் தின்னுட்டு வருவாரு. ஆனா இந்தக் காருன்னு வந்தா மட்டும், "கதவை மெல்லச் சாத்து அமிர்தம்." அவ்வளவுதான். இந்தக் காருல எனக்குண்டான உத்தியோகம் கதவு சாத்தறது.

எதுக்குங்க முன்னாடி கையை ஊணிக்கறீங்க? நெம்ப மெதுவாத்தான் போறேன். வண்டி தாழ்வா இருக்கறதால வேகமாப் போற மாதிரி தெரியும். எங்க பொண்ணும் இப்படித்தான் கையை ஊணிக்கும்.

எங்க உட்டேன்? ஆங், கதவு. அதுக்கப்பறம் அவரு முட்டி. போன தை மாசம் அவருக்கு முட்டியில ஆபரேசன் பண்ணி புது மூட்டு வெச்சாங்க. டாக்டரம்மா கண்டிசனா சொல்லிருச்சு, "தரையில உக்காரக் கூடாது, தாழ்வான நாற்காலி ஆகாது, குத்த வெக்கவே கூடாது." இந்தக் காருல ஏறறதுன்னா மூணும் ஒண்ணாப் பண்ணோணுமே! ஆசுபத்திரியில இருந்து வந்தவரு வாக்கரைத் தள்ளிட்டு நேரா ஷெட்டுக்குப் போனாரு. போர்வையை எடுத்தாரு. சாவியைப் போட்டாரு. கிளிக்குன்னு ஒரு சத்தம், அத்தோட சரி. ஆபரேசனுக்கு முன்னாலயே முட்டி வலின்னு மாசக்கணக்கா எடுக்காம நின்னுட்டே இருந்ததுல பேட்டரி செத்துப் போச்சு.

உள்ள வந்து படுத்துட்டு, செவுத்தைப் பாத்தாப்பல திரும்பிக்கிட்டு, "வித்துரலாம் அமிர்தம்"னாரு.

எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவில்லீங்க. சக்களத்தி பொட்டியைக் கட்டறேன்னா யாருக்குத்தான் கசக்கும்? உடனே சரின்னுட்டேன். அவரும் சந்தோசமாத்தான் இருந்தாரு. என்ன, நாலஞ்சு நாளு சரியா சாப்புடல. அது மாத்திரைச் சூடு.

பெங்களூர்ல பிரகலாத் ராவ்னு ஒருத்தரு, பழைய காரா வாங்கிச் சேக்கறவரு. பேப்பர் விளம்பரத்தைப் பாத்துட்டுப் போன் பண்ணுனாரு. தமிழ் நல்லாப் பேசுனாரு. "அம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகணும். ஸ்டார்ட் ஆனா அடுத்த வியாழக்கெழமை நான் வர்றேன். ஆகலைன்னா நான் வந்து புண்ணியமில்லை"ன்னுட்டாரு. சரி, ஒரு பேட்டரிதான, வாங்கி மாட்டிட்டாப் போவுதுன்னு நெனைச்சேன்.

நெனைச்சனுங்களா, அங்கதான் ஆரம்பிச்சுது.

காந்திபுரத்துல பெரிய பேட்டரிக் கடை. காரு பேரைச் சொன்னதும் கடைக்காரரு கம்ப்யூட்டரைத் தட்டுனாரு, தட்டுனாரு, தட்டிட்டே இருந்தாரு. "இந்தப் பேர்ல காரே இல்லீங்களே"ன்னாரு. "எங்கூட்டு ஷெட்டுல நிக்குதுங்களே"ன்னேன். "எல்லாம் பன்னெண்டு வோல்ட்டுதாங்க, இதைப் போடுங்க"ன்னு ஒண்ணைத் தூக்கிக் குடுத்தாரு. ஆட்டோவுல வெச்சுக் கொண்டாந்து டிக்கியைத் தொறந்து எறக்கறேன், ஓரத்துல அதுக்குன்னு ஒரு சின்னக் குழி இருக்குது, அதுல உக்காந்துருச்சு. ஆனா தலை தூக்கிட்டு நிக்குது. டிக்கி மூடி சாத்தவே மாட்டீங்குது. திருப்பிக் கொண்டு போனேன். உயரம் கொறைச்சலா ஒண்ணு குடுத்தாரு. அது குழியில கச்சிதமா உக்காந்துச்சு, மூடியும் சாத்துச்சு. எனக்கு ஒரே கும்மாளம். ஆனா பாருங்க, பிளஸ் இருக்க வேண்டிய பக்கம் மைனஸ் இருக்குது! ஒயரை இழுத்துப் பாத்தா எட்டவே மாட்டீங்குது. கோவிச்சுட்டுப் போன மாப்பிள்ளையைப் பந்திக்குக் கூப்புட்ட மாதிரி, இழுக்க இழுக்க அந்தப் பக்கமே முறுக்கிக்குது.

சரின்னு பிளஸும் மைனஸும் சரியா இருக்கற ஒண்ணை வேற கடையில புடிச்சேன். அதைக் கொண்டாந்தா, படுத்துட்டு இருந்தவரு எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்துட்டு, "இதுல ஆவி போற குழாய் மாட்ட எடமில்லையே"ங்கறாரு. பேட்டரி மூடுன டிக்கிக்குள்ள இருக்கறதால, அதுல இருந்து வர்ற ஆவி வெளிய போறதுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்குது. அது இல்லாம வெச்சா உள்ளயே தங்கிக்கும், ஆபத்தாமா. "இந்த வண்டிக்கு ஜப்பான்ல இருந்து வந்தாத்தான் அமையும் அமிர்தம். கெடைக்கலேன்னா உட்டுரு, அவரு வராட்டிப் போறாரு"ன்னு சொல்லிட்டு வாக்கரைத் தட்டிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு ரெண்டு தோசை எச்சாவே சாப்புட்டாரு. என்ன காரணம்னு எனக்கு வெளங்கவே இல்லை.

உட்டுருன்னா உட்டுருவனாங்க? மைசூர்பாகு வந்த அட்டைப் பொட்டி ஊட்டுல கெடந்துச்சு. அந்தக் குழி அளவுக்கு அதை வெட்டி ஒட்டி, செத்துப்போன பேட்டரி மாதிரியே ஒரு பொட்டி செஞ்சேன். அதே நீளம், அதே அகலம், அதே உயரம். பிளஸ் வர்ற எடத்துல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, மைனஸ் வர்ற எடத்துல ஒரு கருப்புப் பொட்டு. அதை ஒயர்க் கூடையில போட்டுக்கிட்டு பஸ்ஸுல கெளம்புனேன். உக்கடத்துல பழைய சாமான் கடைங்க, ஆத்துப்பாலத்துல பேட்டரி ரிப்பேர் கடைங்க, சாய்பாபா காலனியில ரேஸ் கார் மெக்கானிக்கு ஒருத்தரு, எங்கெங்கயோ. எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல பொட்டு வெச்ச பொட்டியைப் பாத்துச் சிரிப்பாங்க. அப்பறம் வாங்கிப் பாப்பாங்க. அப்பறம் வியாபாரத்தை உட்டுட்டு அலமாரி அலமாரியா ஏறி எறங்கித் தேடுவாங்க. ஒருத்தரு ஸ்கூட்டர் பேட்டரி ரெண்டை ஒண்ணாக் கட்டிக் குடுக்கறேன்னாரு. இன்னொருத்தரு டிக்கியில ஓட்டை போட்டு பேட்டரி தலையை வெளிய உட்டுரலாம்னாரு. ஒரு கடையில டீ, இன்னொரு கடையில போண்டா. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த பொம்பளை, "யாருக்குங்க சீரு கொண்டு போறீங்க?"ன்னு கேட்டுச்சு. "சக்களத்திக்கு"ன்னேன். அது எந்திரிச்சுப் போயி வேற சீட்டுல உக்காந்துக்கிச்சு!

வெய்யில்ல அலைஞ்சு எனக்கு வந்த கடுப்பு இருக்குதே, சொல்லி மாளாது. காலையில எந்திரிச்சதும் அந்தக் கடுப்புத்தான் மொதல்ல ஞாபகம் வரும். சாப்பாட்டைப் பண்ணி வெச்சுட்டு, எப்படா கூடையை எடுப்பம்னு இருக்கும். அவ்வளவு கடுப்பு.

ஏனுங்க டீச்சர், அதா பாருங்க, முன்னாடி! உங்க பஸ்ஸு! அதேதான், பின்னாடி கண்ணாடி ஒடைஞ்சது. எட்டிப் புடிச்சுட்டமே! கொஞ்சம் இருங்க. இப்படி வலது பக்கம் ஒதுங்கி... ஆச்சு. பாத்தீங்களா, டிரைவரு வாயைப் பொளந்துட்டுப் பாக்கறதை? டாட்டா காட்டுங்க, டாட்டா காட்டுங்க! என்னுங்க? நிறுத்தி அதுல ஏறிக்கறீங்களா? அட, கதை பாதியில நிக்குது. இன்னும் பேட்டரியே கெடைக்கல.

எங்க நாத்தனா பேத்திக்குக் கல்யாணம். அவினாசி ரோட்டுல, பெரிய புல்லுத்தரை வெச்ச மண்டபம். அவரால வர முடியாது, நான் மட்டும் போனேன். பட்டுச்சேலை, நகை, கையில ஒயர்க் கூடை. கூடைக்குள்ள பொட்டி. எங்க நாத்தனா பாத்துட்டு, "எதுக்கு அமிர்தம் இதெல்லாம், நீ வந்ததே போதும்"னு வாங்கப் பாத்தாங்க. நான் குடுக்கலை. அவங்களுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுக்கு என்ன பண்றதுங்க?

முகூர்த்த நேரம் நெருங்குது. மேடைக்குக் கிட்ட உக்காந்திருக்கறேன். ஜன்னல் வழியா வெளிய பாத்தா, புல்லுத்தரையில ஒரு ஆளு, சின்ன டிராக்டர் மாதிரி ஒண்ணு மேல உக்காந்துட்டு புல்லு வெட்டிட்டுப் போறாரு. டிராக்டரைப் பாத்தா எனக்குக் கண்ணு அங்கதான் போகும். அது டக்குன்னு நின்னு போச்சு. அவரு எறங்கி சீட்டைத் தூக்குனாரு. சீட்டுக்கு அடியில ஒரு பேட்டரி. குட்டியா. குட்டையா.

எந்திரிச்சேன். ஓடுனேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடுனேன். அந்தாளு என்னைப் பாத்துட்டு, "பந்தி அந்தப் பக்கமுங்கம்மா"ங்கறாரு. "பந்தி கெடக்குதுங்க, கொஞ்சம் நகருங்க"ன்னு, புல்லுல மண்டி போட்டு, பொட்டியை அந்தப் பேட்டரிக்குப் பக்கத்துல வெச்சேன். நீளம் சரி. அகலம் சரி. உயரம் சரி. சிவப்புப் பொட்டு இருக்கற பக்கமே பிளஸ்! கருப்புப் பொட்டு இருக்கற பக்கமே மைனஸ்! ரெட்டைப் பொறவி மாதிரி நிக்குதுங்க ரெண்டும்.

"இதுக்கு ஆவி போற குழாய் வேணுமுங்களா?"

"இது மூடுன பேட்டரிங்கம்மா. சாச்சு வெச்சாலும் ஒழுகாது, ஆவியும் வராது."

"அய்யோ சாமி!"ன்னு கத்திட்டேன். அந்த நேரம் பாத்து உள்ள கெட்டிமேளம். நாதஸ்வரமும் தவிலும் அப்படிப் பொளக்குது. எனக்காகவே வாசிச்ச மாதிரி இருந்துச்சுங்க டீச்சர். கையில இருந்த அட்சதையை எங்க போடறதுன்னு தெரியாம அந்தப் பேட்டரி மேலயே போட்டுட்டேன். அந்தாளு பயந்துட்டாரு. தாலி கட்டறதை நான் பாக்கவே இல்லை. எங்க நாத்தனா இன்னும் எங்கூடப் பேசறதில்லை. ஏன்னு தெரியல. அந்தக் குடும்பமே கொஞ்சம் அப்படித்தான்.

மண்டபத்துக்குப் பக்கத்துலயே அந்த மிஷின் விக்கற கடை. புத்தம் புதுசா ஒரு பேட்டரி கேட்டேன். "எந்த மாடல் மிஷினுங்க?"ன்னாரு. "காருக்கு"ன்னேன். எடுத்த பேட்டரியை மறுபடியும் மேஜை மேல வெச்சாரு. "புல்லு வெட்டற மிஷினுக்குன்னா கேரண்டி உண்டு. காருக்குன்னா என்னைக் கேக்காதீங்க."

"அது சின்னக் காருதானுங்க."

"ஸ்டார்ட் ஆச்சுன்னா நல்லா ஒரு மணி நேரம் ஓட்டி சார்ஜ் ஏத்துங்க. ஆகலேன்னா..." கையெடுத்துக் கும்பிட்டாரு.

ஊட்டுக்கு வந்து, "கெடைச்சுருச்சுங்க"ன்னேன். அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஜப்பான் பேட்டரியா?"ன்னாரு. "வெளியூருதானுங்க"ன்னேன். பொய்யில்லையே, அவினாசி ரோடு எங்களுக்கு வெளியூருதான். சாவியை எடுத்துக் குடுத்தாரு. பாக்கெட்டுல இருந்து எடுக்கறதுக்கே அவ்வளவு நேரமாச்சு. வெரலு மரத்துப் போச்சு போல.

வியாழக்கெழமை காலையில நானே ஸ்பேனர் புடிச்சு மாட்டுனேன். குழியில போயி உக்காந்த உக்காரல் இருக்குதே! தொட்டில்ல புள்ளை படுத்த மாதிரி. ஒயரு ரெண்டும் தானா வந்து ஒட்டிக்குச்சு. டிக்கி மூடி டப்புன்னு சாத்துச்சு. அப்பறம் வந்து, இதா, இந்த சீட்டுல உக்காந்தேன். இத்தனை வருசத்துல இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்லை. சாவியைத் திருப்பறேன். உர்ருன்னு ஒரு தடவை இழுத்துச்சு. புல்லு வெட்டறதுக்குத்தான் லாயக்குன்னு நெனைக்கறதுக்குள்ள, பளீர்னு புடிச்சுக்குச்சு பாருங்க! அந்தச் சத்தம்! முதுகுல ஏறி மண்டையில வந்து நிக்குது.

சார்ஜ் ஏறோணுமே. காம்பவுண்டுக்குள்ளயே நாலு சுத்து சுத்துனேன். பத்தாதுன்னு தோணுச்சு. கேட்டைத் தாண்டி வீதி முக்கு வரைக்கும் போலாம்னேன். முக்குல சிக்னல் பச்சை உழுந்துச்சு. பச்சைக்கு நிக்கக் கூடாதல்லங்க? போயிட்டேன். காலுல செருப்பில்லை, கையில போனில்லை, ஊட்டுல கட்டற நூல் சேலை. கவுண்டம்பாளையம், இடையர்பாளையம், கணுவாய், அப்படியே இந்த ரோடு. ரெண்டு பக்கமும் மலை தெரியுது, தலைக்கு மேல வானம், கொண்டை அவுந்து மயிரெல்லாம் பறக்குது. நான் பாட்டுக்குச் சத்தமாச் சிரிச்சுட்டே போறேன். வேலியோரம் நின்ன ஆடெல்லாம் திரும்பிப் பாக்குது. நான் வேணும்னு சிரிக்கலீங்க. இந்தக் காத்து வாய்க்குள்ள போனா அப்படித்தான் ஆகும். உங்களுக்கும் இப்ப ஆகுது பாருங்க.

திரும்பி ஊட்டுக்கு வந்தா வாசல்ல பெங்களூரு கார் நிக்குது. பிரகலாத் ராவ் காபி குடிச்சு முடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. எங்கூட்டுக்காரரு வாக்கரைப் புடிச்சுட்டு கேட்டுல நின்னுட்டு இருக்கறாரு. என்னைப் பாத்தாரு. காரைப் பாத்தாரு. என்ற தலையைப் பாத்தாரு.

ராவ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு, டார்ச்சு ஒண்ணு, குச்சி முனையில கண்ணாடி ஒண்ணு, எல்லாம் எடுத்துட்டு வந்தாரு. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கறாரு, தட்டிப் பாக்கறாரு, மோந்து பாக்கறாரு. "பிரமாதம். எல்லாமே ஒரிஜினல். எனக்கு ஒரிஜினலா இருக்கணும், அது ஒண்ணுதான் கண்டிசன். ஷோரூம்ல கண்ணாடிக்குள்ள வெக்கப் போறேன்"னாரு.

"ஓட்ட மாட்டீங்களா?"ன்னேன்.

"ஓட்டறதா? இதையா? சேச்சே"ன்னாரு.

எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியலீங்க. மனுசன் நல்லவரு, ஏமாந்துறக் கூடாதேன்னு ஒரு எரக்கம். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்லை. "ஏனுங்க, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. வண்டி நடுரோட்டுல அப்பப்ப நின்னு போகும்"னேன்.

எங்கூட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு. இந்தக் காரைப் பத்தி எவனாச்சும் ஒரு சொல்லு சொன்னா அவனோட பேச்சு வார்த்தையை முறிச்சுக்கற மனுசன் அவரு. திட்டப் போறாருன்னு நெனைச்சேன். தொண்டையைக் கனைச்சுட்டு, "மழைக்கு ஒழுகுமுங்க"ன்னாரு.

"மேட்டுல ஏறாதுங்க"ன்னேன் நான்.

"எறக்கத்துல நிக்காதுங்க"ன்னாரு அவரு.

"ஒரு பக்கமாவே இழுக்கும்."

"ரெண்டு பக்கமும் இழுக்கும்."

ராவ் இவரு மூஞ்சியையும் என்ற மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்கறாரு. "பரவாயில்லை, அதெல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சா தெரியாது"ங்கறாரு! அப்பத்தான் நான் போயி டிக்கியைத் தொறந்தேன். "இது புல்லு வெட்டற மிஷின் பேட்டரிங்க"ன்னேன்.

டீச்சர், அந்த மனுசன் கையுறையைக் கழட்டுனாரு பாருங்க. எழவு ஊட்டுல செருப்பைக் கழட்டற மாதிரி, அவ்வளவு மெல்ல. "புல்லு... வெட்டற..."ன்னாரு. டார்ச்சை எடுத்துட்டு, கண்ணாடிக் குச்சியை மறந்துட்டு, கார்ல ஏறிப் போயிட்டாரு. அந்தக் குச்சி ஊட்டுலதான் இருக்குது, அலமாரிக்கு அடியில ஏதாச்சும் உருண்டு போனா பாக்கறதுக்கு நெம்ப வசதி.

அவரு போன பொறகு எங்கூட்டுக்காரரு டிக்கிக்கிட்ட வந்து நின்னாரு. குனிய முடியாம குனிஞ்சு பாத்தாரு. "புல்லு வெட்டற மிஷினா அமிர்தம்?"ன்னாரு.

"ஆமாங்க."

"என்ற காருலயா?"

"ஆமாங்க."

ஒடம்பு குலுங்குது. அழுகறாருன்னு நெனைச்சு ஓடிப் போயி புடிச்சேன். அந்த மனுசன் சிரிக்கறாருங்க! வாக்கரு கடகடன்னு ஆடுது, கண்ணுல தண்ணி கொட்டுது, நிறுத்தவே முடியலை. அப்பறம் சொல்றாரு, "சீட்டைப் பின்னால தள்ளு, என்னை ஏத்து"ன்னு. "டாக்டரம்மா ஆகாதுன்னு சொல்லிருக்குதுங்களே"ன்னேன். "ஒரே ஒரு தடவை"ன்னாரு. கதவோரம் ரெண்டு தலவாணி போட்டு, அதுல உக்கார வெச்சு, ஒவ்வொரு காலா நானே தூக்கி உள்ள வெச்சு, இன்னைக்கு உங்களை ஏத்துனதை உட மூணு மடங்கு நேரமாச்சு. ஏறி உக்காந்துட்டு என்னைப் பாத்து, "கதவை நான் சாத்தறேன், நீ போயி ஓட்டு"ன்னாரு.

ஓட்டுனேன். கியர் மாத்து, ஆரன் அடி, பள்ளம் பாருன்னு மொதல்ல பேசிட்டே வந்தாரு. கணுவாய் தாண்டுனதும் ரெண்டு கையாலயும் கதவைப் புடிச்சுட்டு வந்தாரு. "நீ இப்படி ஓட்டுவேன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா..."ன்னு ஆரம்பிச்சாரு.

"தெரிஞ்சிருந்தா?"

"சாவியை இன்னும் பத்தரமா ஒளிச்சு வெச்சிருப்பேன்."

அதுக்கப்பறம் சாவி அவரு பாக்கெட்டுக்குப் போகவே இல்லீங்க. அவருக்கு அதுல வருத்தம் ஒண்ணும் கெடையாது. தெனமும் நான் கெளம்பறப்ப கேட்டுல நின்னு, "மெல்லப் போ"ன்னு சொல்லுவாரு. முட்டி நல்லா மடங்குதாமா, பயிற்சி குடுக்க வர்ற தம்பி ஆச்சரியப்படுது. தாழ்வான சீட்டுல உக்காரோணும்னு ஒரே வெறியா இருக்கறாராமா. ஞாயித்துக்கெழமை மட்டும் கூட்டிட்டு வர்றேன்.

விக்கறதைத்தான் மறந்துட்டமான்னு நெனைச்சுராதீங்க. விக்கத்தான் போறோம். நல்ல ஆளு அமையோணும். வந்து கேட்டவங்க நாலு பேரு, ஒருத்தருக்கு மூக்கு சரியில்லை, ஒருத்தரு பேசறப்ப வண்டியை ஒதைச்சாரு. அவசரப்பட்டு எவன் கையிலயாச்சும் குடுக்க முடியுமாங்க?

என்னுங்க டீச்சர்? கையைக் கையைக் காட்டறீங்க? ஸ்கூலு செக்போஸ்ட்டுக்கிட்டயா? அது எங்க இருக்குது? தாண்டிட்டமா? எப்பங்க? அட, அங்க ஒரு கேட்டு வாசல்ல நின்னு ஒரு பெரியவரு ரெண்டு கையையும் வீசுனாரே, எனக்குத் தெரிஞ்சவருன்னு நெனைச்சு நானும் வீசிட்டேன். உங்க ஹெட்மாஸ்டருங்களா அவரு? பாத்தாலே மரியாதையான மனுசன்னு தெரியுது.

வெசனப்படாதீங்க. உங்க பஸ்ஸு வர்றதுக்கே இன்னும் நேரம் கெடக்குது. இங்க ரோடு ஒடுக்கம், திருப்ப எடமில்லை. இன்னும் கொஞ்சம் மலையேறுனா ஆனைகட்டிக்கிட்ட நல்லா அகலமா இருக்கும், அங்க ஒரே ஒடிப்புல திருப்பிக்கலாம். கண்ணை மட்டும் மூடிராதீங்க கண்ணு. இப்ப வருது பாருங்க ஒரு வளைவு, அது நெம்ப நல்லா இருக்கும்.